கொற்கையிலிருந்து வந்த அரசன்

கண்ணகி வழக்குரைத்து வென்றதும், பாண்டியன் அரியணையிலேயே வீழ்ந்து பட்டதும், மதுரை எரிந்ததும் நம் மாணவர்க்குத் தலைகீழ்ப் பாடம். கெடாவின் தோட்டத் திடல்களில் நாடகம் பார்த்து வளர்ந்த பெரியோரும் கதையை அவ்விடத்திலேயே முடித்துக் கொள்வர்; நகரம் தீப்பற்றியதும் திரை விழுந்துவிடும். அதன்பின் மதுரையை ஆண்டவன் யார், அவன் என்ன பாடுபட்டான் என்று கேட்போர் அரியர்.

அக்கேள்வியைக் கேட்பவன் ஒருவன் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறான். அவன் சேரன் செங்குட்டுவன். வடபுலப் போர் முடித்துக் கங்கைக் கரையில் தங்கியிருக்கையில், மன்னவன் இறந்தபின் தென்னவன் நாடு என்னாயிற்று என மாடல மறையோனை வினவுகிறான். மாடலன் விடை கூறுகிறான்: கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பத்தினிக்கு உயிர்ப்பலி ஊட்டினான், அரசிழந்து அலமந்த மதுரையில் அரியணை ஏறினான். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையும் இதனையே கூறுகிறது. மழை பொய்த்து, வறுமையும் வெப்பு நோயும் நாட்டை வருத்த, பலியும் விழாவும் நடந்தபின் மழை பெய்து நாடு நலமுற்றது என்று அது முடிக்கும். உரைபெறு கட்டுரை பிற்காலத்தார் சேர்த்தது என்பாரும் உளர். ஆயின் நீர்ப்படைக் காதையிலும் செய்தி இருத்தலின், அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

செழியனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் பிழை செய்தவன் அல்லன். போரிட்டு மதுரையை வென்றவனும் அல்லன். மற்றொருவன் தவறியதால் அவனுக்கு அரியணை வாய்த்தது. தவறிய அரசின் பழியும் அதனோடு சேர்ந்தே வந்தது.

இத்தகைய அரியணை ஒன்றில் அமர்ந்தவர் நம் காலத்து வரலாற்றிலும் உண்டு. அமெரிக்காவில் துணைத்தலைவர் அக்னியூ 1973 அக்டோபரில் பதவி துறந்தார். அவ்விடத்திற்கு அதிபர் நிக்சன் ஜெரால்டு போர்டை முன்மொழிய, நாடாளுமன்றம் ஏற்றது. வாட்டர்கேட் ஊழலால் நிக்சனும் 1974 ஆகஸ்டு 9-ஆம் நாள் விலகினார், போர்டு அதிபரானார். இரண்டு பதவிகளுள் எதற்கும் மக்கள் அவருக்கு வாக்களித்ததில்லை. தம் முதல் உரையிலேயே அதனை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். மக்களும் அவரை மதித்தனர். சரியாக ஒரு திங்கள் கழிந்து, செப்டம்பர் 8-ஆம் நாள், நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அவருடைய செய்தித் தொடர்பாளரே அன்று பதவியை விட்டுச் சென்றார். முன்கூட்டியே பேரம் நடந்ததோ என்ற ஐயம் எழுந்தது. போர்டு நாடாளுமன்றக் குழுவின் முன் தாமே சென்று அமர்ந்து, பேரம் எதுவும் இல்லை என்று விடை கூற நேர்ந்தது. 1976 தேர்தலில் கார்ட்டரிடம் தோற்றார்.

போர்டின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வழக்கு நீண்டால் நாடு பழைய புண்ணையே கீறிக்கொண்டிருக்கும் என்று அவர் அஞ்சினார். அவர் செய்ததே துணிவு என்று பாராட்டி, 2001-இல் கென்னடி நினைவு அமைப்பினர் விருதும் அளித்தனர். எனினும் நிக்சன் தவறுகள் நேர்ந்தன என்றாரேயன்றிக் குற்றம் செய்தேன் என்று கூறவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவருக்கு, அவரால் பதவி பெற்றவர் அளித்த மன்னிப்பு அது.

செழியன் கொன்றான், போர்டு மன்னித்தார். இரண்டும் எதிரெதிர்ச் செயல்கள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. வழக்கை விரைந்து முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பே அது. இவற்றுள் செழியன் செய்ததை நம் உரையாளர் பலர் வேள்வி என்றும் அக்கால வழக்கம் என்றும் கூறிக் கடந்து விடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெடுஞ்செழியன் வீழ்ந்தது எதனால்? ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஓர் உயிரைக் கொன்றதனால் அன்றோ? அவன் பின்வந்தவன் ஆயிரம் உயிரை ஆராய்ந்தா கொன்றான்? ஆயிரம் என்பது கவிஞர் கூட்டிச் சொன்ன எண் என்று கொண்டாலும், ஒருவன் களவுக்கு ஒரு தொழிலார் கூட்டமே பலியான செய்தி மாறவில்லை. முன்னவன் செய்த பிழையையே பின்னவன் பெருக்கிச் செய்தான்.

கெடாவில் இருப்போர்க்கு இவை ஏட்டுச் செய்தி மட்டும் அல்ல. 1எம்டிபி விவகாரம் நாட்டை உலுக்கிய நாள்களில், 2016 பிப்ரவரியில், முக்ரிஸ் மகாதீர் மந்திரி பெசார் பதவியை விட்டு இறங்க, இடைத்தேர்தல் ஏதுமின்றி அமாட் பாஷா பொறுப்பேற்றார். 2018 பொதுத் தேர்தலுக்குப்பின் முக்ரிஸ் மீண்டார். 2020 மே திங்களில் மறுபடி இறங்க, முகமட் சனுசி அமர்ந்தார். சட்டமன்றப் பெரும்பான்மை உடையவரே மந்திரி பெசார் ஆகலாம் என்பதால் இதில் சட்டப் பிழை இல்லை. ஆயினும் 'பின்கதவு' என்ற சொல் அக்காலத்தில் சாப்பாட்டுக் கடை வரைக்கும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டுத் தேர்தலில் 36 தொகுதிகளுள் 33-ஐச் சனுசியின் அணி வென்றது. போர்டுக்குக் கிட்டாதது அவருக்குக் கிட்டியது. பதவி பற்றிய ஐயத்தை வாக்கு தீர்த்துவிடும். பழைய வழக்கைத் தீர்ப்பது வேறு. 2024 தொடக்கத்தில் மன்னிப்பு வாரியம் நஜிப் ரசாக்கின் 12 ஆண்டுச் சிறைத் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தபோது எழுந்த வாதங்களைக் கேட்டவர்க்கு இது விளங்கும்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு என்பதற்கு இளங்கோவடிகள் நூலின் இறுதிப் பகுதியில் இடம் வைத்திருக்கிறார். வாழ்த்துக் காதையில் கண்ணகி செங்குட்டுவனுக்குத் தோன்றி, தென்னவன் தீதற்றவன் என்கிறாள். தான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். கணவனை இழந்தவள் அவள்; நகரை எரித்தவளும் அவளே. அவள் சொன்ன பிறகே பாண்டியன் பழி நீங்குகிறது. ஆயிரவர் பலியைப் பற்றி அங்கே அவள் ஒரு சொல்லும் கூறவில்லை. செழியன் யாருக்காகச் செய்தானோ, அவள் அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை.

வகுப்பில் மதுரைக் காண்டத்தோடு நிறுத்தும் ஆசிரியர்கள் மேலும் இரு பாடவேளை ஒதுக்கலாம். நீர்ப்படைக் காதையில் மாடலன் விடை கூறும் பகுதியையும், வாழ்த்துக் காதையில் கண்ணகி தோன்றும் இடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பித்தால், செழியன் செய்தது முறையா என்று மாணவர் தாமாகவே கேட்பர்.