தங்கள் வினாத்தாளைத் தாங்களே எழுதுகிறவர்கள்

அவரவர் சரீரத்தை அவரவரே அறிவார் என்றும், ஆகையால் தேகப்பயிற்சித் திட்டத்தையும் அவரவரே வகுத்துக்கொள்வதுதான் உத்தமம் என்றும் ஒரு சித்தாந்தம் இப்போது திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துத் தெருக்களிலும் செல்வாக்குப் பெற்றுவருகிறது. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதுகிறார்; அவருடைய பேரன் கைப்பேசியிடம் தன் வயதையும் எடையையும் விருப்பத்தையும் சொல்லித் திட்டம் வாங்கிக்கொள்கிறான்.

இதில் நியாயம் இல்லாமலில்லை. முழங்கால் தேய்ந்தவரையும் இருபது வயது வாலிபனையும் ஒரே வரிசையில் நிறுத்திய பள்ளிக்கூட டிரில் மூடத்தனமானது. தன் சௌகரியத்துக்கு இசைந்த பயிற்சியை மனிதன் சற்று அதிக காலம் கைவிடாமலிருக்கிறான் என்பதும், காசு செலவில்லை என்பதும் வாஸ்தவமே.

ஆனால் என் ஆட்சேபம் பழையது; அது இன்னும் தீரவில்லை. தன் வினாத்தாளைத் தானே எழுதிக்கொள்ளும் மாணவன் தெரிந்த கேள்விகளையே எழுதுவதுபோல, தன் திட்டத்தைத் தானே வகுப்பவன், எது தனக்கு ஏற்கெனவே வருகிறதோ அதையே வாரம் முழுவதும் நிரப்பி, எது வரவில்லையோ அதற்குச் 'சரிப்படவில்லை' என்று பெயரிட்டு நீக்கிவிடுகிறான். இந்த ஊர்த் திட்டங்களில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நடை ஒன்றுதான். அதற்கும் பத்தாயிரம் அடி என்று ஓர் இலக்கு. 1964ஆம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று தன் அடியெண்ணும் கருவிக்குச் சூட்டிய பெயரிலிருந்து புறப்பட்ட எண்ணிக்கை அது; வைத்திய ஆராய்ச்சியில் பிறந்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையோ, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்புடன், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியையும் கேட்கிறது. வயதேற ஏறத் தசை கரைகிறது. உண்ட உணவின் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் இடமே அந்தத் தசைதான். சர்க்கரை வியாதிக்குப் பேர்போன இந்தக் கேரள ராஜ்யத்தில், தொடைக்கு வேலை வைக்காத திட்டத்தைச் சொந்தத் திட்டம் என்று கொண்டாடுவதில் என்ன பெருமை இருக்கிறதோ!

இதற்கு நேர்மாறான முறையைப் பார்க்க வேண்டுமானால், 1956இல் கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய சி. வி. என். களரி என்னும் களரிப்பயிற்றுப் பள்ளி இங்கிருந்து அதிக தூரமில்லை. கிழக்குக் கோட்டையில்தான் இருக்கிறது. களரி சம்பிரதாயத்தில் ஆசானாகிய குருக்கள் வாய்த்தாரி என்னும் வாய்மொழிக் கட்டளை சொல்ல, சிஷ்யன் அதற்கிசைய உடம்பைத் தாழ்த்தியும் வளைத்தும் காலை வீசியும் செல்கிறான். தாழ்ந்து நிற்பது தனக்குப் பிரியமில்லை என்று அவன் அதை விட்டுவிட முடியாது. மெய்ப்பயிற்று என்னும் உடற்பயிற்சி பக்குவப்படாமல் கோலையும் வாளையும் தொடவும் முடியாது. கிரமம் எல்லோருக்கும் ஒன்றே. யார் எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்பதில்தான் தனித்தன்மை இருக்கிறது, அதைத் தீர்மானிப்பதும் எதிரே நிற்கும் கண்தான். இடுப்பு ஒரு பக்கம் சாய்வதை உடம்புக்குரியவன் உணர்வதில்லை. பார்க்கிறவனுக்கு அது நொடியில் தெரிகிறது. கைப்பேசி அடிகளை எண்ணும். அடி வைக்கும் கால் கோணுவதை அது அறியாது. அது தரும் திட்டமும், நாம் நம்மைப்பற்றிச் சொன்ன பொய்யையே அட்டவணையாக்கித் திருப்பித் தருவதுதான். என் உடம்பை நானே அறிவேன் என்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கள் சோம்பலைத்தான் அறிந்திருக்கிறார்கள் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

எல்லோரும் களரியில் சேரவேண்டும் என்பதல்ல என் பட்சம். நோட்டுப் புத்தகத்தோடு ஒருமுறை ஓர் ஆசானிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போய், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பலதடவை எழுந்து காட்டுங்கள், ஒற்றைக் காலில் நின்று காட்டுங்கள். அவர் சேர்க்கச் சொல்லும் பயிற்சிகள் பெரும்பாலும் நீங்களே அடித்துவிட்டவையாகத்தான் இருக்கும்.