'என் சரித்திரம்' காட்டும் பவ்ய ஜீவன்

டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்றால், அவர் ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த கதைதான் நம்மவர்க்கு நினைவு வரும். தமிழ்த் தாத்தா என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்தது! ஆனால் அந்த நூல் நம்மிடம் கும்பிடு கேட்கவில்லை, வேலை கேட்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணப் போகிறார். வயது இருபத்தைந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், கல்லூரித் தமிழாசிரியர். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியும் கொடுக்கிறார். பிரித்துப் பார்த்தால் சமண சமயச் செய்திகள் ஐயருக்கு விளங்கவில்லை.

நூலின் உயிர்நிலை இந்த இடம்தான். பழந்தமிழ் அழிகிறதே என்று புலம்பிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று கும்பகோணத்து ஜைனர் வீட்டுப் படியேறினார். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்ற அந்தணர், சந்திரநாத செட்டியார் முதலியவர்களிடம் பாடம் கேட்டார். அங்கே ஒருநாள் வீடு விழாக்கோலமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து முடித்த நாளாம்! புலவர் உலகம் மறந்த காவியம் சில வீடுகளில் அன்றாடப் படிப்பாக உயிரோடு இருந்திருக்கிறது.

அந்த ஜைன வீடுகளில் தம்மைப் பற்றிப் 'பவ்ய ஜீவன்' என்ற பேச்சு எழுந்ததை ஐயர் பெருமையோடு குறிப்பிடுகிறார். முத்தி பெறும் தகுதியுள்ள உயிர் என்பது அதன் பொருள். எங்கள் சமயத்தில் தகுதி ஒன்றே கரை சேர்க்காது. பிறர் கைகொடுத்துத் தூக்கிவிடவும் மாட்டார்கள். தன் வினையைத் தானேதான் தீர்க்கணும். நம்பிக்கைக்கும் இதே கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமண நூலை ஏன் பதிப்பிக்க வேண்டும் என்ற முணுமுணுப்பையும் தாங்கி, கையொப்பக்காரர் உதவியுடன் 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. எல்லாம் ஒரே நாளில் வந்த புரட்சி அல்ல. ஒரு நூலை முடித்து அடுத்ததைத் தொட்ட உழைப்பு.

எனக்கு ஒரு குறை உண்டு. அந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை ஐயர் இன்னும் விரித்து எழுதியிருக்கலாம். ஏடு தேடியவரைப் பற்றி நிறையத் தெரிகிறது. ஏட்டைப் படித்துக் காத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரிகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது கதைதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலேயே பாருங்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. சில நாளில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறந்தது. அரசுகள் செய்யவேண்டியது அது. வீட்டு அலமாரியில் மூடிக் கிடக்கும் குறளை எந்த முதலமைச்சர் வந்து திறப்பார்? நம்ம பிள்ளைகள் கன்னடமும் இங்கிலீஷும் படிப்பது நல்லதுதான். வீட்டில் தமிழ் பேசவும் செய்கிறார்கள். எழுத்தைக் காட்டினால்தான் விழிக்கிறார்கள். சங்கம் வகுப்பு நடத்தலாம், நூலகம் வைக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிப்பது நம் பொறுப்பு.

வியாபாரத்தில் வரவு வரும் என்று நம்பலாம். அதற்குக் காலையில் கடையைத் திறந்திருக்கணும். கும்பகோணத்து அந்தக் குடும்பங்கள் தினமும் ஏட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் ஐயர் வந்து கேட்டபோது சொல்ல அவர்களிடம் விடை இருந்தது.