செய்தியின் அடியில் ஒரு கட்டம்

நாளிதழில் துயரச் செய்தி ஒன்று முடிந்ததும் அதன் அடியில் சின்னதாக ஒரு கட்டம் வரும். தற்கொலை எண்ணம் எழுந்தால் பேசலாம் என்று ஒரு வரி, அரசின் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050. அவ்வளவுதான். குமணன்சாவடி டீக்கடையில் பேப்பரை மடித்துப் படிப்பவர்களில் பலர் அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

எவ்வளவு பதமாக எழுதியிருக்கிறார்கள்! யார் நீ என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அறிவுரை கிடையாது. தூக்கமில்லாத இரவில் நீள வாக்கியம் படிக்கத் தெம்பிருக்காது, எண் கண்ணில் பட்டால் போதும் என்று அறிந்த கை எழுதியது அது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகாவில் தன்னார்வலர்களின் முதல் வேலை காது கொடுத்துக் கேட்பது. அந்தப் பொறுமை கட்டத்தின் நடையிலும் இறங்கியிருக்கிறது.

மனநலத் தொண்டு நிறுவனங்களில் மக்கள் தொடர்புப் பணி பார்ப்பவர்களின் பெயர் எங்கும் வராது. எதை எழுதாமல் விடுவது என்பதில்தான் அவர்கள் கைத்திறன் இருக்கிறது. இறந்த விதம், இடம், பெரிய தலைப்பு எல்லாவற்றையும் விடச் சொல்லி நிருபர்களிடம் மன்றாடுவார்கள். வியன்னாவில் மெட்ரோ ரயில் முன் பாய்வது பெருகியபோது, 1987-ல் பத்திரிகைகள் அப்படி அடக்கி எழுத ஒப்புக்கொண்டன. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. நம் பிரஸ் கவுன்சில் 2019-ல் இதற்கு நெறிமுறை வகுத்தது.

படத்திலும் இதே அடக்கம் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநோயாளர் காப்பகத் தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். சங்கிலிப் படம் யார் நெஞ்சையும் உலுக்கும், நன்கொடையும் தரும். ஆனால் அந்தப் படத்துக்கு உரியவர் நாளை குணமாகி வீதியில் நடக்க வேண்டுமே! 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சையில் இருப்பவர் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும் தடுத்தது. சட்டம் வருமுன்பே அந்தப் படத்தை ஒதுக்கிவைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொரு நயம் புதுக்கோட்டையில். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், 2010-ல் அங்கே ஒரு பேருந்தை ஓட்டியது. உள்ளே சென்னை மருத்துவரோடு திரைவழி ஆலோசனை, ஒரு மருந்தகம். வெளியே ஒரு டிவி, அதில் மனநல விழிப்புணர்வுப் படங்கள். நான் ரசிப்பது அந்த டிவியை. மனநோய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவர் என்று ஊர் பார்க்குமே எனக் கூசுபவருக்கு அங்கே நிற்க ஒரு காரணம் கிடைத்தது: படம் பார்க்கிறார். செய்தி சொன்ன மாதிரியும் ஆச்சு, மானத்தைக் காத்த மாதிரியும் ஆச்சு.

எங்கள் ஊர் வழியாகவும் பூந்தமல்லி மெட்ரோ பாதை வந்துவிட்டது. குமணன்சாவடி நிலையத்தின் இரண்டு நடைமேடைகளிலும் அந்தக் கட்டம் வேண்டும். செய்தித்தாளில் இருப்பதைவிடப் பெரிய எழுத்தில், நிற்பவர் கண்மட்டத்தில், வேறெந்த விளம்பரமும் பக்கத்தில் ஒட்டாமல்.