வயதும் வாசிப்பும்: சார்லட் மேசனின் ‘இல்லக் கல்வி’

பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் முதற்கடமையும் முதலுரிமையும் பெற்றோருக்கே உரியவை என்பது திருச்சபையின் தெளிவான போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடும், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் குடும்பத்தைக் குறித்து வரைந்த மடலும் இதனை வலியுறுத்துகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வுரிமைக்கு நீதிமன்றத்தின் துணையும் கிட்டியது. பிள்ளைகள் யாவரும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டுமென ஆரகன் மாநிலம் 1922-இல் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து அருட்கன்னியர் சபை ஒன்று வழக்காடியது. 1925-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அத்தீர்ப்பு தனியார் பள்ளிகளைக் காத்தது. 1990-களின் தொடக்கத்திற்குள் வீட்டிலேயே கற்பிக்கும் உரிமையும் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் ஏற்கப்பட்டுவிட்டது.

உரிமையைப் பெறுவது ஒன்று. அதனை ஆளத் தெரிவது வேறொன்று. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். 11 வயது மூத்தவன் எழுத்துக் கூட்டித் திணறிப் படிக்கிறான். 8 வயதுத் தங்கை தங்குதடையின்றி வாசிக்கிறாள். 5 வயது இளையவன் இன்னும் எழுத்தறியான். தாய் ஒருத்தி, நாளும் ஒன்று. பாடநூல் விலைப்பட்டியலைப் புரட்டினால் அது கேட்கும் முதற் கேள்வி, ‘எத்தனையாம் வகுப்பு?’ என்பதே. மூத்தவனுக்கு வயதுக்கேற்ற நூலை வாங்கினால் படிக்க இயலாது. திறனுக்கேற்ற நூலை வாங்கினால் தங்கைக்கும் கீழே அமர்த்தப்பட்ட அவமானம் அவன் நெஞ்சில் தைக்கும். இந்த இக்கட்டில் நின்றே சார்லட் மேசனின் ‘இல்லக் கல்வி’ என்னும் நூலை நாம் மதிப்பிட வேண்டும்.

மேசன் (1842-1923) ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த ஆசிரியை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1886-இல் இந்நூலாயின. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளே இதன் பொருள். 1891 முதல், வீட்டில் கற்கும் குடும்பங்களுக்கு அவர் அமைத்த பாடத்திட்டங்கள் அஞ்சல் வழியே சென்றன. பின்னர் மங்கிப்போன அவர் புகழ், சூசன் ஷேஃபர் மக்காலே 1984-இல் எழுதிய நூலால் அமெரிக்காவில் துளிர்த்தது. கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் இன்று அவரைப் படிக்கின்றன.

நூலின் முதற் சிறப்பு, அறிதலையும் வாசித்தலையும் அது வேறுபடுத்திக் காட்டுவதே. 6 வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம். பாட வேளை குறுகியதாக இருக்கட்டும். சாரமற்ற பாடநூல்களை விடுத்து உயிருள்ள நூல்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுக. ஒருமுறை கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் எடுத்துரைக்கட்டும் என்கிறார் மேசன். எடுத்துரைத்தல் என்னும் இப்பயிற்சியே அவர் முறையின் உயிர்நாடி. எழுதத் தெரியாத பிள்ளையும் எடுத்துரைக்கலாம். அதன் அறிவு ஏட்டின்றியே வெளிப்படும்.

இதன் அருமையை உணர, வயதுவாரி வகுப்பு எவ்வளவு இளைய ஏற்பாடு என்பதை நினைவுகூர்தல் நலம். அமெரிக்காவில் அது வேரூன்றத் தொடங்கியது 1840-களின் இறுதியில், போஸ்டன் நகரப் பள்ளியொன்றில்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று 1797-இல் நூலாக்கினார். அங்கே ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற அதில் பிள்ளை அமரும் இடத்தைத் தீர்மானித்தது தேர்ச்சியே, வயதன்று. நம் சட்டாம்பிள்ளைக்கு இது புதுமையன்று. ஆகவே வயதையும் வகுப்பையும் பிரிக்கத் தயங்கும் தாய், ஏதோ இயற்கை விதியை மீறுவதாக அஞ்ச வேண்டியதில்லை.

பிற்கால ஆய்வும் மேசனின் பாகுபாட்டுக்கு அரண் செய்கிறது. கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986-இல் ஓர் எளிய கருத்தை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்ட மொழியை உணரும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமே வாசித்துணர்தல் என்பது அது. பெருக்கம் என்பதால் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. நம் குடும்பத்து மூத்தவனுக்குக் குறைவது முதலாவது. இரண்டாவதில் அவன் தங்கையை விஞ்சக்கூடும். ஒரே வகுப்பெண்ணால் இவ்விரண்டையும் அளப்பது, உயரத்தையும் எடையையும் ஒரே கோலால் அளப்பதாகும்.

ஆனால், இவ்விடத்தில்தான் நூலின் குறையும் தெரிகிறது. வாசிப்புக் கற்பிக்க மேசன் கூறும் வழி, சொல்லை முழு உருவாகப் பார்த்தறிவதையும் எழுத்தொலியையும் கலந்தது. நல்ல நூல்களின் கவர்ச்சியே பிள்ளையை இழுத்துச் செல்லும் என்னும் நம்பிக்கை அவர் எழுத்தெங்கும் ஒளிர்கிறது. பல பிள்ளைகளுக்கு அது மெய். எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்று. நூல் வெளிவந்து பத்தாண்டுகளில், 1896-இல், பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், அறிவிற் சிறந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வன் என்று அச்சிறுவனின் ஆசிரியர் கூறியதையும் அவர் பதிவு செய்தார். இத்தகைய பிள்ளைக்குக் கதையழகு மட்டும் போதாது. எழுத்தொலியை ஒழுங்காக, படிப்படியாக, சலியாது கற்பித்தாக வேண்டும். காத்திருந்தால் தானே மலரும் என்று எண்ணி ஆண்டுகளை இழப்பது, அன்பின் பெயரால் இழைக்கப்படும் அநீதி.

இரண்டாவது குறை, நூல் எண்ணிப் பார்க்கும் இல்லத்தைப் பற்றியது. வேலையாட்களும், குழந்தையைப் பேணும் செவிலியும், வீட்டு ஆசிரியையும் உள்ள விக்டோரியா காலத்து நடுத்தர வீடே அதன் பின்னணி. மேசன் 1892-இல் ஆம்பிள்சைடில் நிறுவிய பயிற்சியகம் அத்தகைய ஆசிரியைகளை உருவாக்குவதையும் நோக்கமாகக் கொண்டது. சமையலும் துவைப்பும் தன் தலைமேல் விழ, கைக்குழந்தையோடு மூவருக்குக் கற்பிக்கும் தாய், இந்நூலைப் படித்துத் தன்னைக் குற்றவாளியாகக் கருதிவிடும் அபாயம் உண்டு. அவள் மேசனின் நாட்குறிப்பை விட்டுவிட்டு அவருடைய பாகுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது ஒன்றே சுமையைப் பாதியாகக் குறைக்கும்.

எங்ஙனம்? மறைநூல், வரலாறு, இலக்கியம், இயற்கை ஆகியவை செவிவழிப் புகுபவை. இவற்றுக்கு மூவருக்கும் ஒரே நூல் போதும். கேட்டதை இளையவன் படமாக வரையட்டும், தங்கை எழுதட்டும், மூத்தவன் வாயால் உரைக்க, தாய் ஏட்டில் குறிக்கட்டும். எழுத்தும் கணக்கும் மட்டுமே தனித்தனி நூல் வேண்டுபவை. அவற்றை வயது நோக்காது, பிள்ளை உள்ளபடி நிற்கும் படியைச் சோதித்தறிந்து வாங்குக. மூத்தவனின் எழுத்துப் பயிற்சி, தங்கை அருகில் இல்லாத வேளையில், கால் மணி நேரம் நாள்தோறும் நடக்கட்டும். எளிய நூல் அவனுக்கு நாவின் பயிற்சியே. அவன் சிந்தைக்கு அதுவே உணவாகிவிடலாகாது.

நம் வழிபாடு இம்முறையை நெடுங்காலமாக அறியும். ஞாயிறு திருப்பலியில் ஒரே நற்செய்தி வாசிக்கப்படுகிறது. படித்த பெரியவரும் எழுத்தறியாப் பாட்டியும் மடியிலிருக்கும் குழந்தையும் அதனைக் கேட்கின்றனர். வாசலில் எவரும் அவர்களை வகுப்பு வாரியாகப் பிரிப்பதில்லை. ஆயினும் புதுநன்மைக்குச் சிறுவரை ஆயத்தம் செய்கையில், மறைக்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரின் நிலையையும் கண்டே கற்பிக்கிறார். தாலந்து உவமையில் தலைவன் அவரவர் திறமைக்கேற்பவே பொறுப்பளித்தான். ஆனால் எந்த ஊழியனையும் வெறுங்கையோடு விடவில்லை.

மேசனின் நூல் போற்றிப் படிக்கத் தக்கது. அதனோடு முறையான எழுத்தொலிப் பயிற்சியும், தாயின் வலுவுக்கேற்ற அளவும் சேர வேண்டும். பாடநூல் தேர்வு விலைப்பட்டியலின் முன் அமர்ந்து செய்யும் வேலையன்று. ஒவ்வொரு பிள்ளையையும் அருகழைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு கதை சொல்லி அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, அதன்பின் செய்ய வேண்டிய வேலை அது.