கதை படிப்பதால் என்ன பலன்? – ‘18வது அட்சக்கோடு’ நாவலை முன்வைத்து

நம் சங்க நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைச் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அப்போது அடிக்கடி காதில் விழுந்த கேள்வி இது: “கதைப் புஸ்தகம் படிச்சு என்ன சார் பிரயோஜனம்?” கேட்டவர்கள் படிப்பறிவு இல்லாதவர்கள் அல்லர். பொறியாளர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், வங்கி அதிகாரிகள். வரலாறு, ஆன்மிகம், சுயமுன்னேற்றம் என்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். கதை மட்டும் அவர்களுக்கு நேரத்தை வீணாக்கும் விஷயம்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று. பொழுது போகும், மொழி வளரும், நல்ல நீதி கிடைக்கும். மூன்றுமே பொய்யல்ல. ஆனால் பொழுது போக்கத் தொலைக்காட்சி இருக்கிறது. மொழிக்கு அகராதியும் இலக்கணமும் உண்டு. நீதிக்குத் திருவள்ளுவரை விடவா ஒரு நாவலாசிரியர் சொல்லிவிடப் போகிறார்? ஆக, கதைக்கென்று தனியாக ஒரு பலன் இல்லாவிட்டால் கேட்டவர் பக்கமே நியாயம் என்றாகிவிடும்.

விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் வாசித்தாலே பிறர் மனதை உணரும் திறன் கூடுகிறது என்ற ஆய்வு ஒன்று 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்து பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த வேறு ஆய்வாளர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை என்று கதையை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. எந்தக் கதை, யார் படிக்கிறார், எந்த ஊரில் இருந்து படிக்கிறார் என்பதெல்லாம் முக்கியம். ஆகவே பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். அது நம் ஊரைப் பற்றியது, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’.

அசோகமித்திரன் 1931-இல் இதே செகந்திராபாத்தில் பிறந்தவர். சென்னைக்குக் குடிபெயர்ந்து, 2017-இல் மறைந்தார். 1977-இல் வெளிவந்த இந்த நாவல் 1947, 48 ஆண்டுகளின் ஹைதராபாத் சமஸ்தானத்தைக் களமாகக் கொண்டது. நாயகன் சந்திரசேகரன், லான்ஸர் பாரக்ஸ் குடியிருப்பில் வசிக்கும் ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பையன். கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். வெளியே தேசம் புரண்டுகொண்டிருக்கிறது. அவனுக்கோ டீமில் இடம் கிடைக்குமா என்பது கவலை.

நாவலின் பாதிவரை, “கதை எப்போ ஆரம்பிக்கும்?” என்று தோன்றும். முதல் தடவை எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பகுதியைத்தான் நான் மறுபடி மறுபடி படித்துச் சிரித்திருக்கிறேன். அந்நிய ஊரில் தமிழ்க் குடும்பங்கள் தமக்குள் ஒரு குட்டித் தமிழ்நாட்டைக் கட்டிக்கொண்டு, தெலுங்கும் உருதுவும் பேசும் ஊருக்கு நடுவே ஓர் ஓரமாக வாழ்ந்துவிட முடியும் என்று நம்புவது நமக்குத் தெரிந்த விஷயம்தானே! நம்மை நாமே பார்த்துச் சிரிக்கிற இன்பம் அது. கல்கியைப் படித்துக் குதிரையேறிப் போகிற இன்பம் ஒரு வகை என்றால் இது வேறு வகை. இரண்டும் வேண்டும். சுவை இல்லாமல் பலன் மட்டும் தருகிற கதையை யார் கடைசிவரை படிப்பார்கள்?

1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை. ரஜாக்கர்களின் அட்டூழியத்துக்கு இந்துக்கள் இரையானார்கள். 1948 செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17-இல் நிஜாம் பணிந்தார். அதன் பிறகு பல மாவட்டங்களில் பழிவாங்கல் முஸ்லிம்கள் மேல் திரும்பியது. நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரவேயில்லை. வந்திருந்தாலும் 27,000 என்ற எண்ணைப் பார்த்து ‘த்சொ’ கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

நாவல் எண் எதையும் நம் முன் வைப்பதில்லை. கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் எதிர்பாராமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் பயந்து ஒடுங்கிக் கிடக்கிறது. அவன் கொல்ல வந்தவன் என்று நினைத்து, மற்றவர்களைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன் உடையைக் களைந்துவிட்டு முன்னால் வந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். நாவல் அவ்வளவுதான்.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் ஆடிய சாதாரணப் பையன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவன் யார்? அந்தக் கணத்தில் அவன் தன்னைப் பிறர் கண்ணால் பார்க்கிறான். கூடவே நாமும் பார்க்கிறோம். “நாங்க யார் வம்புக்கும் போறதில்ல சார்” என்று சொல்லியே காலம் தள்ளும் நமக்கு, ஒதுங்கி நிற்பதும் ஒரு பக்கம் நிற்பதாகவே வெளியில் தெரியக்கூடும் என்று உறைக்கிறது. இதை எந்த நீதி நூலும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. காரணம், நீதி நூல் என்னை நல்லவன் பக்கத்தில் நிறுத்தியே பேசுகிறது.

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலும் ஒன்று. உவகைக்கும் நகைக்கும் பக்கத்திலேயே அழுகைக்கும் அச்சத்துக்கும் இளிவரலுக்கும் அவர் இடம் தந்திருக்கிறார். அதாவது, மனம் கூசிக் குறுகுவதும் இலக்கிய அனுபவத்தின் ஒரு பகுதி என்பது நம் மரபுக்குப் புதிதல்ல. ரசிப்பது வேறு, வளர்வது வேறு என்று பிரித்துவைத்தது நாம்தான். பாதி நாவல்வரை சந்திரசேகரனோடு சிரித்துப் பழகியிருக்காவிட்டால், கடைசிப் பக்கத்தில் அவனோடு கூசியிருக்கவும் மாட்டோம்.

நாவலில் எனக்குக் குறையும் உண்டு. வீட்டுப் பெண்கள் வெறும் கோட்டுருவமாக நின்றுவிடுகிறார்கள். அந்தச் சிறுபெண்ணுக்கோ பெயர்கூட இல்லை. சந்திரசேகரனுக்குக் கண் திறக்கவே அவள் வந்தாற்போல இருக்கிறது. அவன் ஓடிய பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று? நாவல் சொல்வதில்லை. இந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை.

நான் இந்த ஊருக்கு வந்து 12 ஆண்டுகள் ஆன பிறகே இந்த நாவலைப் படித்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாய் இருந்தார். ரம்ஜானுக்கு அங்கிருந்து சேமியா வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். அவ்வளவுதான் பழக்கம். படித்து முடித்த வாரம், வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, 48-இல் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்போது தனக்குப் பத்து வயது என்றார். பீதர் பக்கத்துக் கிராமம். “அண்ணன் திரும்பி வரல” என்றார். பிறகு, அன்று குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டார். நானும் தண்ணீரைப் பற்றியே பேசினேன்.

அதன் பிறகு நாங்கள் உயிர் நண்பர்கள் ஆகிவிட்டோம் என்றெல்லாம் கதை விடமாட்டேன். முறுக்கும் சேமியாவும் அப்படியே போய் வந்தன. ஆனால் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. 12 வருஷம் அடுத்த சுவரில் இருந்தும் கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியை ஒரு நாவல் என்னைக் கேட்க வைத்தது. கதை படிப்பதால் என்ன பலன் என்று என்னைக் கேட்டால் என் கையில் இருக்கிற கணக்கு இவ்வளவுதான். சின்னக் கணக்கு, ஆனால் நேர்மையான கணக்கு.

நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த நாவலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. அதையாவது அவர்கள் கையில் கொடுங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு நூலகத்தில் மூலப் பிரதி இருக்கிறது. அட்டை கிழிந்து, பைண்டு செய்து வைத்த பிரதி. பாதியில் அலுப்புத் தட்டினால் கீழே வைத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.