இரண்டு பாட்டில், நாலு பேர்

தீபாவளி இரவு ஸ்டுட்கார்ட்டிலிருந்து அக்கா பையன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஹாஸ்டல் அறையில் தரையில் பேப்பர் விரித்து ஒன்பது பேர். நடுவில் குக்கர், சுற்றிலும் காகிதத் தட்டுகள். இரண்டு தெலுங்குப் பையன்கள், ஒரு மராத்திப் பெண், ஒரு ஈரானியன், மிச்சம் நம் ஆட்கள். பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். யார் என்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது என்று அட்டவணை.

"அதுலதான் மாமா சண்டையே. சமைக்க எல்லாரும் ரெடி. தேய்க்கத்தான் ஆள் இல்ல" என்றான் போனில். அங்கே அன்றைக்கு லீவு கிடையாது. லேப் முடித்துவிட்டு வந்துதான் பண்டிகை.

'சத்திய சோதனை' முதல் பாகத்தைப் படிடா என்றேன்.

"அதான் ஸ்கூல்லயே படிச்சாச்சே. அம்மாவுக்கு மூணு சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு லண்டன் போவார். அதானே?"

அதானே! அந்தப் புத்தகத்துக்கு நாம் செய்திருக்கும் அநியாயம் இந்த 'அதானே'தான். 1888-லிருந்து 1891 வரை அவர் லண்டனில் படித்ததைச் சொல்லும் அத்தியாயங்களை, மதுவும் மாமிசமும் தொடாத பையனின் நன்னடத்தைச் சான்றிதழாகவே படித்துப் பழகிவிட்டோம். போன வாரம் திரும்பப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. அவர் என்ன சாப்பிட்டார் என்பதைவிட, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் அங்கே கதை.

பாரிஸ்டர் ஆவதற்கு அப்போது பரீட்சை மட்டும் போதாது, டின்னர் சாப்பிட வேண்டும். விளையாட்டில்லை. மொத்தம் பன்னிரண்டு டெர்ம். ஒவ்வொன்றிலும் சுமார் 24 டின்னர்களில் ஆறுக்காவது ஆஜர் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் குறைந்தது 72 ராத்திரி. சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, முடியும் வரை உட்கார்ந்திருந்தால் போதும். காந்திக்கு ஆகக்கூடியது ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். ஆனால் நாலு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பாட்டில் ஒயின் உண்டு. நாலாவது ஆள் குடிக்காதவராக இருந்தால் மற்ற மூவருக்கும் யோகம். அதனால் இவருக்கு ஏக கிராக்கி! ஷாம்பெயின் வரும் விசேஷ இரவுகளில் கட்டாயம் வந்துவிடு என்று தனி அழைப்பு வேறு. விரதம் இருப்பவனை ஊர் ஒதுக்கும் என்றுதானே நினைப்போம். இங்கே விரதமே அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது. இதைச் சிரிக்காத முகத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

புத்தகத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். 1925-லிருந்து 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது இது. அநேக அத்தியாயங்களின் வாலில் ஓர் உபதேசம் தொங்கும். வாரா வாரம் பக்கம் நிரப்புகிறவனுக்கு அந்த வசதி நன்றாகவே தெரியும். கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே வந்து நிறுத்திவிடுகிறார். ஹோட்டல் கதையைப் பாருங்கள்.

நண்பர் ஒருவர் நாடகத்துக்கு அழைக்கிறார். அதற்கு முன் ஹோபன் ரெஸ்டாரண்டில் சாப்பாடு. அரண்மனை மாதிரி இடம். அங்கேயெல்லாம் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வந்ததைத் தின்றுவிடுவான் என்பது நண்பரின் திட்டம். சூப் வருகிறது. இவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இது சைவமா என்று விசாரிக்கிறார். நண்பருக்கு மானம் போய்விட்டது. நாகரிகமான இடத்தில் பழகத் தெரியாதவன் நீ, எழுந்து போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வெளியே நில் என்கிறார். விட்டால் போதும் என்று வெளியே வந்தால், பக்கத்துச் சைவ ஹோட்டல் மூடியிருக்கிறது. அன்று ராத்திரி பட்டினி. அப்புறம் அதே நண்பரோடு நாடகத்துக்கும் போகிறார்! சினேகம் கெடவில்லை.

இது பதினைந்தாம் அத்தியாயம். பதினெட்டில், ஊர் திரும்பும் முன் சைவ நண்பர்களுக்குக் காந்தி ஒரு பிரிவு விருந்து கொடுக்கிறார். எங்கே? அதே ஹோபன். மானேஜரிடம் பேசி முழுக்க முழுக்கச் சைவச் சமையல். வெளியே போகச் சொன்ன இடத்துக்குள் விருந்து கொடுப்பவராக நுழைகிறார். ஒரு நாவலாசிரியன் கையில் இது கிடைத்திருந்தால் விட்டிருப்பானா? இவரோ, முன்பு சொன்ன அதே ஹோபன் என்று போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டு, அன்று பேச எழுந்து வார்த்தை வராமல் உட்கார்ந்த தன் கூச்சத்துக்குப் போய்விடுகிறார். வாசகன்தான் மூன்று அத்தியாயம் தாண்டி முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நாராயண ஹேமசந்திரர் வரும் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. கசங்கிய கோட்டு, தாடி, குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய். இங்கிலீஷ் கற்றுக்கொள்ள லண்டன் வந்த குஜராத்தி எழுத்தாளர். காந்தி இங்கிலீஷ் பாணியில் காரட் சூப் வைப்பார். மனிதருக்கு அது இறங்காது, பருப்புக்கு ஏங்குவார். ஒருநாள் எங்கிருந்தோ பயத்தம்பருப்பு தேடிப் பிடித்து, சமைத்து, காந்திக்கும் எடுத்துக்கொண்டு வருகிறார். அப்புறம் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று கிண்ணங்கள் நடக்கின்றன. இன்னொரு நாள் வேட்டி சட்டையோடு வந்து நிற்க, வீட்டுக்காரம்மா மிரண்டுபோகிறாள். காந்தி இங்கே உபதேசிக்க மறந்துவிட்டார். முழுப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்த பக்கங்கள் இவை.

சரி, பண்டிகை? வந்த புதிதில் அம்மாவை நினைத்து ராத்திரியெல்லாம் அழுதேன் என்று ஒப்புக்கொள்கிறவர், லண்டனில் தீபாவளி எப்படிப் போனது என்று புத்தகத்தில் மூச்சுவிடவில்லை. ஆனால் 1891-ல் 'தி வெஜிடேரியன்' என்ற லண்டன் பத்திரிகைக்கு இந்தியப் பண்டிகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார், தீபாவளி உட்பட. வெள்ளைக்கார வாசகர்களுக்கு விளக்கம் என்றுதான் பெயர். ஏக்கம் அங்கே போய் ஒளிந்துகொண்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

'சத்திய சோதனை'யில் இல்லாத ஒரு விருந்தையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கதை முழுசாகும். அதை எழுதியவர் தமிழர், டாக்டர் தி.சே.சௌ. ராஜன். 1909-ல் ராஜன் லண்டனில் மருத்துவ மாணவர். வ.வே.சு. ஐயர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஜூலையில் மதன்லால் திங்க்ரா கர்ஸன் வைலியைச் சுட்டு, ஆகஸ்டில் தூக்கிலேறியிருந்தான். இளைஞர்கள் மனசெல்லாம் துப்பாக்கிப் பக்கம். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக வாதாட வந்திருந்த காந்தியை விஜயதசமி விருந்துக்குத் தலைமை தாங்க அழைக்கிறார்கள். சைவச் சமையல், அரசியல் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சம்மதிக்கிறார். சமையல் மாணவர்களே. மும்முரமாக வேலை நடக்கும்போது மெலிந்த மனிதர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டு காய் நறுக்குகிறார், தட்டுக் கழுவுகிறார். யாரும் யார் என்று கேட்கவில்லை. சாயங்காலம் ஐயர் வந்து பார்த்துத் திகைத்த பிறகுதான் தெரிகிறது, தட்டுக் கழுவியவர்தான் தலைவர் என்று. 1930-ல் திருச்சியில் இதே ராஜன் வீட்டிலிருந்துதான் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது.

ஐயர் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1922-ல் சேரன்மாதேவியில் அவர் தொடங்கிய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போன சண்டை அது. காந்தி வரை பஞ்சாயத்து போனது. அவர் சொன்ன தீர்ப்பு: இருக்கிற இரண்டு பேர் தனியாகவே சாப்பிடட்டும், இனிமேல் சேருகிறவர்கள் எல்லாரோடும் உட்காரட்டும். தட்டுக் கழுவிய அந்த மனிதரிடமிருந்து இவ்வளவு மெத்தனமான தீர்ப்பை நான் எதிர்பார்க்கவில்லை. லண்டன் சமையலறையில் யாரும் யாரையும் யார் என்று கேட்கவில்லையே.

ராஜன் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. "ஃபிரிட்ஜுல ஒட்டிட்டேன் மாமா. ஒருத்தனும் படிக்கல. இன்னிக்கு என் முறை, நாலு குக்கர் கிடக்கு."