வேண்டாம் என்று சொல்லும் உரிமை

1985 பிப்ரவரியில் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில், புனித பேட்ரிக் தேவாலயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. டட்லி தெருவைச் சுற்றியிருந்த குடியிருப்பைச் சீரமைக்கத் தொண்டு நிறுவனங்களும் ரைலி அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு நிர்வாகக் குழுவை முன்மொழிந்தன. நல்லெண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள். குழுவில் 23 இடங்கள். அவற்றில் அங்கே வாழ்பவர்களுக்கு 4. கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள்?

அந்தக் கேள்வியோடு அன்றைய நிகழ்ச்சி நிரல் கவிழ்ந்தது. ஆனால் அறக்கட்டளை பையைச் சுருட்டிக்கொண்டு போய்விடவில்லை. குழுவைப் புதிதாக அமைக்க ஒப்புக்கொண்டது. 31 இடங்கள், அவற்றில் ஆகப் பெரிய பங்கு குடியிருப்பவர்களுக்கு, கறுப்பர், கேப் வெர்டியர், லத்தீனோ, வெள்ளையர் என்ற நான்கு பிரிவினருக்கும் தலையெண்ணிக்கை பாராமல் சம இடங்கள். டட்லி தெருக் குடியிருப்பு முன்முயற்சி என்ற அமைப்பு இப்படித்தான் உருப்பெற்றது. நகரச் சீரமைப்பில் மக்கள் பங்கேற்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்த ஊரைக் காட்டாமல் இருப்பதில்லை. அந்தப் புகழில் எவ்வளவு நியாயம், எங்கே அது பிசகுகிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

ராக்ஸ்பரி ஒரு காலத்தில் தனி ஊர். 1868இல்தான் பாஸ்டனோடு இணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வங்கிகள் இங்கே வீட்டுக்கடன் தர மறுத்தன, வசதியானவர்கள் வெளியேறினார்கள், காப்பீட்டுத் தொகைக்காக வீடுகள் கொளுத்தப்பட்டன. 1980களில் டட்லியில் சுமார் 1,300 காலி மனைகள் கிடந்தன. வெளியூர் லாரிகள் இரவில் வந்து இடிபாடுகளையும் அழுகிய இறைச்சிக் கழிவையும் கொட்டிவிட்டுப் போயின. ஓடாத கார்கள் தெருவோரம் துருவேறின. கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாத நாற்றம்.

ஆகவே புதிய அமைப்பு முதலில் கையிலெடுத்தது வரைபடத்தை அல்ல, குப்பையை. 1986இல் ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்ற இயக்கம் தொடங்கியது. மேயர் ரே ஃபிளின் சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகளை மூடவைத்தார். கைவிடப்பட்ட கார்களை மாநகராட்சி இழுத்துச் சென்றது. இந்த வரிசைதான் முக்கியம். இருபது ஆண்டுகளாக ஏமாந்த மக்களிடம் போய் ‘உங்கள் கனவைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர்கள் ஏன் வாய் திறக்க வேண்டும்? கூட்டத்துக்கு வந்தால் ஏதோ நடக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு வந்தார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், கேப் வெர்டே கிரியோல் என மூன்று மொழிகளில் கூட்டம் நடந்தது. ஒரு மொழி மட்டும் பேசும் கூட்டத்தில் மற்ற மொழிக்காரர்கள் நாற்காலியை நிரப்பத்தான் பயன்படுவார்கள். டட்லி அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

1987இல் மக்கள் வகுத்த திட்டத்தை மாநகராட்சி ஏற்றது. எத்தனையோ ஊர்களில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். திட்டம் அச்சாகி அலமாரியில் ஏறும். டட்லியின் சிக்கல் நிலத்தில் இருந்தது. மாநகராட்சியின் மனையும் தனியார் மனையும் சதுரங்கக் கட்டங்கள் போல மாறிமாறிக் கிடந்தன. வரி கட்டாத, முகவரியே தெரியாத உரிமையாளர்கள் பலர். நான்கு மனை கிடைத்து ஐந்தாவது கிடைக்காவிட்டால் அங்கே எதையும் கட்ட முடியாது.

அப்போது குடியிருப்பாளர்கள் ஒரு துணிச்சலான கோரிக்கையை வைத்தார்கள்: நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை எங்களுக்கே கொடுங்கள். 1988இல் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம், ‘டட்லி முக்கோணம்’ எனப்படும் அறுபத்துச் சொச்சம் ஏக்கர் பரப்பில், காலி மனைகளுக்கு மட்டும் அந்த அதிகாரத்தை வழங்கியது. இதன் கனம் புரிய, அதே ஆணையத்தின் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1950களின் இறுதியில் இதே அதிகாரத்தைக் கொண்டுதான் அது பாஸ்டனின் மேற்கு முனைப் பகுதியை இடித்துத் தள்ளி, ஆயிரக்கணக்கான குடும்பங்களை விரட்டியது. ஓர் ஊரை அழித்த கருவி இன்னோர் ஊரின் கைக்கு வந்தது. ஃபோர்டு அறக்கட்டளை தந்த 20 லட்சம் டாலர் கடன் நிலத்தை வாங்க உதவியது. வாங்கிய நிலம் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் நின்றது. வீடு குடும்பத்துக்குச் சொந்தம், மனை 99 ஆண்டுக் குத்தகை, விற்கும்போது விலைக்கு உச்சவரம்பு. அறக்கட்டளையின் நிலத்தில் 225க்கும் மேற்பட்ட வீடுகள் நிரந்தர மலிவு விலையில் நிற்கின்றன. கார் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்று இருந்த இடத்தில் இன்று 10,000 சதுர அடிப் பசுமைக்குடிலில் கீரையும் தக்காளியும் விளைகின்றன.

இந்த வெற்றிக்குக் கூட்டங்களைவிட அதிகாரமே காரணம் என்பதைச் சிட்னி காட்டுகிறது. அந்நகரின் உள்பகுதியான வாட்டர்லூவில் அரசுக்குச் சொந்தமான சுமார் 2,000 வாடகை வீடுகள் இருந்தன. நடுவே மட்டவாய், துரங்கா என்ற இரண்டு 30 மாடிக் கோபுரங்கள். 2015 டிசம்பரில் மெட்ரோ நிலைய அறிவிப்போடு, குடியிருப்பு முழுவதையும் இடித்துக் கட்டும் அறிவிப்பும் வந்தது. அதன் பிறகே கருத்துக்கேட்பு. 2017இலும் 2018இலும் பட்டறைகள், மாதிரி வரைபடங்கள், மூன்று மாற்று யோசனைகள். பூங்கா எங்கே வேண்டும், தெரு எப்படி வளைய வேண்டும் என்று கேட்டார்கள். இடிக்கலாமா என்று கேட்கவில்லை. புதிய வீடுகளில் பெரும்பங்கைத் தனியாருக்கு விற்கும் கணக்கும் மேசைக்கு வரவில்லை.

2017இல் கோபுரவாசிகள் தங்கள் ஜன்னல்களில் வண்ண விளக்குகளை ஏற்றினார்கள். மாலையில் ரயிலில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு சதுரமும் ஒரு நிறத்தில் தெரிந்தது. உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்பதே அதன் செய்தி. பட்டறைத் தாளில் எழுத இடமில்லாததை ஜன்னலில் எழுதினார்கள் என்று சொல்லலாம். ஆட்சி மாறிய பிறகு 2023இல், வாட்டர்லூவின் தென்பகுதியில் பாதி வீடுகள் சமூக வீடுகளாகவும் மலிவு வீடுகளாகவும் இருக்கும் என்று அரசு அறிவித்தது. பட்டறைகளில் அசைக்க முடியாததாக இருந்த அந்த விற்பனைக் கணக்கு அரசியலில் அசைந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இலேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்து, வெறும் கருத்துக்கேட்பைப் பெயரளவுப் பங்கேற்பு என்ற வகையில் வைத்தார். வாட்டர்லூ அந்தப் படியைத் தாண்டவில்லை.

அதே சிட்னியில் வூலுமூலூ என்ற பகுதி தருவது வேறு பாடம். 1970களின் தொடக்கத்தில் அங்கே அலுவலகக் கோபுரங்கள் எழவிருந்தன. குடியிருப்பாளர் குழு கேட்டுக்கொண்டதும், ஜாக் மண்டியின் கட்டடத் தொழிலாளர் சங்கம் ‘பசுமைத் தடை’ விதித்தது. இடிக்கவும் கட்டவும் எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள் என்றது. 1975இல் மத்திய அரசும் மாநில அரசும் மாநகராட்சியும் ஒப்பந்தம் போட்டுக் குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டின. அந்த மக்களிடம் நிலம் இல்லை, சட்ட அதிகாரமும் இல்லை. மறுக்கும் பலம் மட்டும் கடனாகக் கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அதனால் டட்லியைக் குறையின்றிப் போற்றிவிட முடியுமா? முடியாது. முதல் குறை காலம். 1985இல் கூட்டம், 1988இல் அதிகாரம், வீடுகளோ 1990களில்தான். இடையில் ஒரு பொருளாதாரச் சரிவு. வாடகைக்கு இருப்பவர் எட்டு, பத்து ஆண்டு காத்திருக்க மாட்டார். வாடகை ஏறினால் அடுத்த மாதமே பெட்டி கட்டுவார். திட்டத்தை வகுத்த கையும் பலனைப் பெற்ற கையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாவது, மாலை நேரக் கூட்டங்களுக்கு வர முடிந்தவர்களே ஊராகிவிடும் ஆபத்து. இரவுப் பணிக்குப் போகும் தாதிக்கும் இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் வாக்குரிமை இருக்கிறது, நேரம் இல்லை. நான்கு இனப் பிரிவு என்ற பங்கீடு தொடக்கத்தில் சண்டையைத் தவிர்த்தது, அது உண்மை. ஆனால் குடியேற்றம் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் நிலையான பெட்டிகள் சீக்கிரம் பழசாகிவிடும்.

மூன்றாவது குறை எல்லை. சமூக நில அறக்கட்டளையின் நிலத்தில் விலைக்கு வரம்பு உண்டு. அதே தெருவின் எதிர்ப்பக்கத்தில் இல்லை. குப்பை போய், பூங்கா வந்து, ஊர் வாழத் தகுந்ததாக ஆனதால் அங்கே விலை ஏறுகிறது. மக்கள் உழைத்துச் சேர்த்த மதிப்பு அவர்களுக்கே பகையாகிற இந்தச் சிக்கலை 225 வீடுகள் தீர்க்காது. அறக்கட்டளையின் பரப்பை விரித்தால்தான் ஓரளவு தாங்கும். ஆனால் அதற்கு ஏற்றபடி நிலம் மலிவாக இருந்த காலம் போய்விட்டது.

யார் ஊர் என்ற கேள்வியும் முடியவில்லை. ராக்ஸ்பரியின் மையமான டட்லி சதுக்கம், அடிமைமுறைக்கு இடமளித்த காலனிக் கால ஆளுநர் குடும்பத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அதை ‘நூபியன் சதுக்கம்’ என்று மாற்றலாமா என 2019 நவம்பரில் பாஸ்டன் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. நகரம் முழுவதையும் எண்ணியபோது கோரிக்கை தோற்றது. சதுக்கத்தை ஒட்டிய வாக்குச்சாவடிகளை மட்டும் தனியே எண்ணியபோது மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்திருந்தார்கள். எந்த எண்ணிக்கையை எடுப்பது என்று நகரம் ஒரு மாதத்துக்கும் மேல் யோசித்தது. டிசம்பரில், அங்கே வாழ்பவர்களின் எண்ணிக்கைப்படி பெயர் மாறியது.